மாத்திரையின் கை

டிசம்பர் 3

மழை விட்டபாடில்லை. தைக்க வந்த புர்காக்களில் ஒன்றுதான் முடிந்தது.

காலையில் கூடத்துச் சுவரில் ஒட்டியிருக்கும் கறுப்பு வட்டத்தைக் குறிவைத்து நின்றுகொண்டிருந்தேன். குண்டு போடாமல் விசையை மட்டும் இழுத்துப் பழகுவது, தினமும் செய்வதுதான். அந்த நேரம் பார்த்துப் புது மீன்காரம்மா கூடையோடு உள்ளே வந்துவிட்டாள். என் கையில் துப்பாக்கியைப் பார்த்ததும் கூடையை இறக்கிவைத்துவிட்டு, "நேத்து நெத்திலி நல்லாத்தான் இருந்துச்சு தாயி. வேணும்னா மாத்தித் தர்றேன்" என்றாள். உம்மா ஒன்றும் விளக்கம் சொல்லவில்லை. இரண்டு கை அதிகமாக அள்ளிக்கொண்டாள்.

இந்த அதிராம்பட்டினத்தில் துப்பாக்கி சுடும் பொம்பளை நான் ஒருத்திதான். என் மகள் ஹாஃபிஸாவைச் சேர்க்கத்தான் தஞ்சாவூர் கிளப்புக்குப் போனேன். அவள் மூன்றே வாரத்தில் "போரடிக்குதும்மா" என்று நின்றுவிட்டாள். கட்டிய பணம் வீணாகக் கூடாதே என்று அவள் இடத்தில் நான் போய் நின்றேன். நாற்பது வயதில் எனக்கு ஒரு கை இருப்பது அப்போதுதான் தெரிந்தது. நீட்டினால் அசையாத கை. ஆகஸ்டில் கிளப் போட்டியில் அறுநூற்றுக்கு ஐந்நூற்று நாற்பத்தொன்று சுட்டுக் கோப்பை வாங்கினேன். சின்னப் பிள்ளைகள் எல்லாம் "எப்படி ஆன்ட்டி?" என்று கேட்டார்கள். ஊசியில் நூல் கோத்துப் பழகிய கை என்று பெருமையடித்துக்கொண்டேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

பெருமைக்கு ஆப்பு.

குந்தவை மேடம் எங்கள் பயிற்சியாளர். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள். நான் அவளை மேடம் என்பேன், அவள் என்னை அக்கா என்பாள். இன்று பயிற்சி முடிந்ததும் கேட்டாள்: "அக்கா, மார்ச்சுல மண்டலப் போட்டி. இந்த வருஷம் ஊக்கமருந்து சோதனைக்கு ஆள் வராங்களாம். நீங்க ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?"

"ஊக்கத்துக்கு ஒண்ணும் இல்ல. ஒத்தத் தலைவலிக்கு மட்டும்."

பையிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டினேன். பெயரைப் படித்ததும் அவள் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். இது பீட்டா பிளாக்கராம். இதயம் துடிக்கிற வேகத்தைக் குறைக்குமாம், கை நடுக்கத்தை அடக்குமாம். ஓடுகிறவன், குதிக்கிறவனுக்கு இதனால் ஒரு லாபமும் இல்லை. அவர்கள் சாப்பிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். குறிபார்த்துச் சுடுகிறவர்களுக்கு மட்டும் முழுத் தடை. போட்டியன்று மட்டும் இல்லை, எந்த நாளும் கூடாது.

"எத்தனை நாளா சாப்பிடுறீங்க?"

"ரெண்டு வருஷமா."

"சுட ஆரம்பிச்சது?"

"ஒன்றரை வருஷம்."

அப்படியென்றால் மாத்திரை இல்லாமல் நான் ஒரு குண்டுகூடச் சுட்டதில்லை. என் கை, என் கை என்று ஊரெல்லாம் சொன்னேனே, அது யாருடைய கை? என்னுடையதா, மாத்திரையுடையதா? பஸ்ஸில் பட்டுக்கோட்டை வரும்வரை வலது கையையே பார்த்துக்கொண்டு வந்தேன். பக்கத்து சீட்டு அம்மா "மருதாணி வச்சீங்களா?" என்றாள்.

டிசம்பர் 10

பட்டுக்கோட்டை டாக்டர் தியாகராசனிடம் போனேன். நோய்க்காகத்தான் சாப்பிடுகிறோம் என்று நிரூபித்தால் மருத்துவ விலக்கு கேட்கலாம் என்று குந்தவை சொல்லியிருந்தாள். டாக்டருக்கு முதலில் கோபம். "நான் எழுதுன மருந்த ஊக்கமருந்துங்கிறானா? யாரவன்?" விளக்கியதும் தணிந்தார்.

"விலக்கு வேணும்னா, வேற எந்த மருந்தும் இவங்களுக்குக் கேக்கலன்னு நான் எழுதணும். நான் வேற மருந்து கொடுத்தே பாக்கலியேம்மா. முதல் மருந்தே கேட்டுப்போச்சு. பொய்யா எழுத முடியும்?"

மனுஷன் யோக்கியராக இருப்பதற்கு வேறு நாள் கிடைக்கவில்லை. இருக்கிற விவரத்தை இருக்கிறபடி எழுதிக் கொடுத்தார், விண்ணப்பம் போயாயிற்று. பழைய மாத்திரையைச் சட்டென்று நிறுத்தக் கூடாதாம், அவர் சொல்கிற கணக்கில் குறைத்துக்கொண்டே வந்து விட வேண்டுமாம். கூடவே ஒரு புது மாத்திரை. அது தடைப் பட்டியலில் இல்லை என்று குந்தவை பார்த்துச் சொன்னாள்.

டிசம்பர் 14

உம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். "எம் மவ மாத்திரைய கவுருமெண்டு தடை பண்ணிருச்சு." சொன்ன தோரணையில், டெல்லியில் கூடிப் பேசி என் ஒருத்திக்காகத் தடை போட்டது போல இருந்தது.

அதன் பலன் இன்று மதியம் வந்தது. எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருக்கிறார்கள். ஒவ்வொருவரும் ஊருக்கு வரும்போது தைலம், பேரீச்சம்பழத்தோடு ஒரு பை மாத்திரையும் வரும். யாருக்கு என்ன நோய் என்ற கணக்கெல்லாம் கிடையாது. முட்டிவலிக்கு வந்தது மூச்சிரைப்புக்குப் போகும். "எனக்கு நல்லா கேட்டுச்சு, நீ ரெண்டு போட்டுப் பாரு" என்பதுதான் இங்கே வைத்தியம். எதிர்வீட்டு சுமையா ஒரு பிஸ்கட் டப்பா நிறைய மாத்திரையைக் கொண்டுவந்து கொட்டி, "லாத்தா, இதுல எதெல்லாம் தடைன்னு பிரிச்சுக் குடு" என்றாள்.

"நீ துப்பாக்கியா சுடப் போற?"

"இல்ல. எதுக்கும் தெரிஞ்சு வச்சுக்கலாம்னு."

டிசம்பர் 22

புது மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து விரல் நுனியில் எறும்பு ஊர்கிறது. அதுவும் விசை இழுக்கிற விரலில். இன்று கடைத்தெருவில் பன்னீர் சோடா குடித்தேன். துருப்பிடித்த தண்ணீர் மாதிரி இருந்தது. கேஸ் போன சோடாவை விற்கிறாயா என்று கடைக்காரரோடு சண்டை போட்டேன். அவர் இன்னொன்று உடைத்தார், அதுவும் அப்படியே. மூன்றாவதை அவரே குடித்துவிட்டு ஏப்பம் விட்டுக் காட்டினார். வீட்டுக்கு வந்து மாத்திரைத் தாளைப் படித்தால், சோடா ருசி கெட்டுப்போகும் என்று அதிலேயே போட்டிருக்கிறது.

இனி அந்தக் கடைப் பக்கம் போக முடியாது.

டிசம்பர் 25

மண்டையிடி. இருட்டறை. எழுத முடியவில்லை.

ஜனவரி 4, ஞாயிறு

பழைய மாத்திரை முழுக்க நின்றபின் முதல் பயிற்சி.

துப்பாக்கியைத் தூக்கினேன். காதுக்குள் யாரோ நெல் குத்துகிறார்கள். டொம், டொம். பக்கத்தில் ஏதோ வேலை நடக்கிறது என்று திரும்பிப் பார்த்தேன். ஒன்றுமில்லை, என் நெஞ்சுதான். இத்தனை நாள் இது இவ்வளவு சத்தம் போடும் என்று எனக்குத் தெரியவே தெரியாது. ஒவ்வொரு துடிப்புக்கும் துப்பாக்கிக் குழாய் மேலும் கீழும் போகிறது. ஒரு குண்டு இலக்குத் தாளிலேயே படவில்லை.

நானூற்று எண்பத்தாறு.

"முதல் நாள்தானேக்கா" என்றாள் குந்தவை. அவள் முகத்தைப் பார்க்காமல் துப்பாக்கியைத் துடைத்தேன். ஆகஸ்டில் கோப்பை வாங்கியது யார் என்று எனக்கு இப்போது தெரியும். சோறு வடிக்கிற நேரத்தில் அழுகை வந்தது. அழுதேன். என்னத்துக்கு இந்த வயசுல இந்த வேல? தச்சமா, தின்னமான்னு இருந்திருக்கக் கூடாதா?

இரவு ஷார்ஜாவிலிருந்து என் வீட்டுக்காரர் பேசினார். முபாரக்குக்குச் சுருக்கமாகப் பேசத்தான் வரும். "புடிச்சிருந்தா பண்ணு. புடிக்கலன்னா விடு. நான் கேக்க மாட்டேன்" என்றார். பிடித்திருக்கிறதே, அதுதானே சங்கடம்.

ஜனவரி 11

தலைவலி மூன்று நாள். உம்மா நெற்றியில் துணி கட்டிவிட்டு ஓதி ஊதினாள். "அந்தப் பழைய மாத்திரயப் போட்டாத்தான் என்னா?" என்று பத்துத் தடவை கேட்டாள். "போட்டா தடை உம்மா" என்று பத்துத் தடவை சொன்னேன்.

ஜனவரி 18, ஞாயிறு

அல்ஹம்துலில்லாஹ்! ஐந்நூற்று இருபத்தொன்பது!

நெஞ்சு அடங்கியிருந்தது. தலைவலியும் இந்த வாரம் எட்டிப் பார்க்கவில்லை. குழாய் நின்ற இடத்தில் நின்றது. குந்தவை என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "உடம்பு பழகிடுச்சுக்கா. இது உங்க கைதான்."

என் கை! என் கை! பஸ்ஸில் யாராவது கேட்டால் சொல்லலாம் என்று காத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை.

ஜனவரி 25, ஞாயிறு

ஐந்நூற்று முப்பத்தாறு. விண்ணப்பத்துக்குக் கமிட்டியின் பதிலும் வந்துவிட்டது. விலக்கு இல்லை. வேறு மருந்து இருக்கிறது, இந்த மருந்து இந்த விளையாட்டில் சாதகம் தரும், ஆகவே மறுக்கிறோம். குந்தவை தயங்கித் தயங்கி வாசித்தாள். நான் சிரித்தேன். யாருக்கு வேண்டும் உங்கள் விலக்கு?

ஜனவரி 30

கை நடுங்குகிறது. இந்த முறை கோபத்தில்.

அஸர் தொழுதுவிட்டு அடுப்படிக்குப் போனேன். உம்மா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இஞ்சி உரலில் எதையோ நுணுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் என் டம்ளர். அதற்குப் பக்கத்தில் என் பழைய மாத்திரை அட்டை.

"என்னா உம்மா இது?"

"இஞ்சி."

"இஞ்சி வெள்ளையாவா இருக்கும்?"

அப்புறம்தான் எல்லாம் வந்தது. நான் தலையைப் பிடித்துக்கொண்டு கிடந்த அந்த நாளிலிருந்து தினமும் தேத்தண்ணியில் கலந்து கொடுத்திருக்கிறாள். நான் தூக்கிப் போடச் சொன்ன அட்டைகளைப் போடாமல் அரிசிப் பானையில் வைத்திருக்கிறாள்.

"பாதிதான்டி போட்டேன். பாதிக்கா தடை?"

"உம்மா!"

"பெத்த புள்ள சுருண்டு கெடக்குறத நான் பாத்துக்கிட்டு இருக்கணுமா? பள்ளிவாசல் அஜரத்துக்கிட்ட கேட்டுட்டுத்தான் கொடுத்தேன். டாக்டர் எழுதுன மருந்து மார்க்கத்துல கூடும்னுட்டாரு."

அஜரத் கூடும் என்கிறார், கமிட்டி கூடாது என்கிறது. நடுவில் நான். எத்தனையோ நாட்டில் பயிற்சியாளர் ஊக்கமருந்து கொடுத்து மாட்டிக்கொண்டதைப் படித்திருக்கிறேன். பெற்ற தாய் இஞ்சி தட்டிப் போட்டு ஊக்கமருந்து கொடுத்தது என் ஒருத்திக்குத்தான்.

ஐந்நூற்று இருபத்தொன்பது அவள் சுட்டது. முப்பத்தாறும் அவள் சுட்டது. நான் சுட்டது நானூற்று எண்பத்தாறு மட்டும். போதுமா உம்மா? போதுமா? இதையெல்லாம் கத்தினேன். எதிர்வீட்டு ஜன்னலில் சுமையா தெரிந்தாள்.

ஜனவரி 31

டாக்டருக்கு போன் செய்தேன். "உங்கம்மாவக் கொஞ்சம் இங்க அனுப்பி வைங்க" என்றார். பாதி அளவுதான் என்பதால் அதையும் சீக்கிரம் குறைத்து நிறுத்த வழி சொன்னார்.

பிறகு குந்தவையிடம் சொன்னேன். முதலில் சிரிப்பு. பிறகு, "அக்கா, சிரிச்சிட்டேன், மன்னிச்சிடுங்க. ஆனா இது விளையாட்டில்ல. யார் கலந்து கொடுத்தாலும் உங்க உடம்புல இருந்தா உங்க மேலதான் வரும். வருஷக்கணக்குல தடை பண்ணிடுவாங்க" என்றாள். போட்டி நடக்கும் மார்ச் எட்டுக்குள் மருந்து உடம்பை விட்டுப் போய்விடும், இன்றைக்கே முடிவெடுங்கள், வருகிறீர்களா இல்லையா என்றும் கேட்டாள்.

வருகிறேன் என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 9

வீட்டில் பனிப்போர். என் தேத்தண்ணியை நானே போட்டுக்கொள்கிறேன். குழம்பு என்றால் உம்மா தட்டில் போட்டுக்கொண்ட பிறகுதான் அதே சட்டியிலிருந்து நான் போட்டுக்கொள்கிறேன். உம்மா தண்ணீர் மொண்டு கொடுத்தால் வாங்கி வைத்துவிட்டு வேறு மொண்டு குடிக்கிறேன். அவளும் கவனிக்கிறாள். தெருவில் போய், "பெத்தவ கையால திங்கப் பயப்படுறா" என்று மூக்கைச் சிந்துகிறாள். மூன்று பேர் என்னிடம் வந்து, தாயின் காலடியில் சொர்க்கம் என்று ஞாபகப்படுத்திவிட்டுப் போனார்கள். சொர்க்கம் சரிதான். தேத்தண்ணி யார் போடுவது?

பிப்ரவரி 15, ஞாயிறு

ஐந்நூற்று ஒன்று. நெல் குத்துகிற சத்தம் இருக்கிறது. இரண்டு குத்துக்கு நடுவே ஒரு சின்ன அமைதி இருப்பதை இன்று கவனித்தேன். அதற்குள் விசையை விட்டுவிட வேண்டும்.

பிப்ரவரி 24

நோன்பு. பட்டினியில் கை கனக்கிறது. ஆனால் ஐந்நூற்றுப் பதினெட்டு.

மார்ச் 8, ஞாயிறு

எழுதித்தான் ஆக வேண்டும். கால் வலிக்கிறது, எழுதுகிறேன்.

போட்டி தஞ்சாவூரில், எங்கள் கிளப்பிலேயே. விடியுமுன் ஸஹருக்கு நானே எழுந்து நானே சோறாக்கிச் சாப்பிட்டேன். உம்மா வாசலில் நின்று துஆ செய்தாள், பக்கத்தில் வரவில்லை.

நாக்கு மரக்கட்டை. நெஞ்சு டொம் டொம். முதல் பத்துக் குண்டு கண்றாவி. அப்புறம் அந்தச் சின்ன அமைதியைப் பிடித்துக்கொண்டேன். விட்டது, பிடித்தேன், விட்டது, மறுபடி பிடித்தேன். முடித்தபோது ஐந்நூற்று முப்பத்திரண்டு. நான்காவது இடம். பதக்கம் இல்லை. அடுத்த கட்டத்துக்கு இரண்டு புள்ளி குறைவு. சுவர் ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். துக்கமா சந்தோஷமா என்று பிரிக்கத் தெரியவில்லை.

அப்போது ஒரு அம்மா கழுத்தில் அடையாள அட்டையோடு வந்து நின்றாள். பெயர் அம்சவல்லி. சீட்டுக் குலுக்கியதில் சோதனைக்கு என் பெயர் வந்திருக்கிறதாம். சிறுநீர் தர வேண்டும். தரும்வரை அவள் என்னை விட்டு நகர மாட்டாள். தரும்போது?

"பக்கத்துல நின்னு பாக்கணும்க்கா. விதி."

"என் மாப்பிள்ளையே பாத்ததில்ல" என்றேன்.

"எனக்கு இது தினப்படி வேலைக்கா."

வெட்கத்தை விழுங்கிக்கொண்டு போனேன். ஒரு சொட்டு வரவில்லை. ஸஹரிலிருந்து தண்ணீர் குடிக்காத உடம்பில் என்ன வரும்? அம்சவல்லி மூடி பிரிக்காத தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். நோன்பு என்றேன். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள், வெளியே வெயிலைப் பார்த்தாள், பெருமூச்சு விட்டாள். "அப்ப உக்காருவோம்" என்றாள். பொழுது சாய்ந்து மக்ரிப் வரும்வரைக்கும் இரண்டு பேரும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவள் திருக்காட்டுப்பள்ளிக்காரி. வீட்டில் சம்பா அறுத்துப் போட்டதையும் நாத்தனார் கதையையும் சொல்லி முடித்தாள். நான் தொழப் போனால் பின்னால் வந்து நின்றாள்.

வரத் தாமதமாகும் என்று வீட்டுக்குப் போன் செய்திருந்தேன். பாங்குக்குச் சற்று முன்னால் தம்பி ஜாஹித்தின் கார் வந்தது. உம்மா இறங்கினாள். கையில் தூக்குவாளி. பள்ளிவாசல் கஞ்சி இல்லை, அவளே காய்ச்சிய நோன்புக் கஞ்சி. "வெளியூர்ல எம் மவ பன்னு தின்னு நோம்பு தொறக்கணுமா?"

நான் தூக்கைப் பார்த்தேன். உம்மா என்னைப் பார்த்தாள். அம்சவல்லி, "மூடி பிரிக்காத தண்ணிதான் எங்க பொறுப்புக்கா. மத்தது உங்க இஷ்டம்" என்றாள்.

உம்மாவுக்குப் புரிந்துவிட்டது. முகம் சிறுத்துப்போயிற்று. பாங்கு சொன்னதும் பெஞ்சில் உட்கார்ந்தாள். பிஸ்மில்லாஹ் சொல்லி, தூக்கோடு எடுத்து அவளே குடித்தாள். கால்வாசி, பாதி. சூடு தணியாத கஞ்சி, கண்ணில் தண்ணீர் வருகிறது, நிறுத்தவில்லை. "போதும் உம்மா, வெந்துரும்" என்று பிடுங்கினேன்.

"சோதிச்சுக்கச் சொல்லு. என்னையும் சேத்து சோதிச்சுக்கச் சொல்லு" என்றாள் அம்சவல்லியிடம். அம்சவல்லி, "அம்மா, உங்க பேரு குலுக்கல்ல வரல" என்றாள்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மிச்சக் கஞ்சியை நான் குடித்தேன். பயமாக இருந்ததா? இருந்தது. குடித்தேன். அப்புறம் தண்ணீர். "ரொம்பக் குடிக்காதீங்கக்கா, நீர்த்துப்போனா திரும்ப எடுக்கணும்" என்று அம்சவல்லி பதறினாள். அவளுக்கும் உம்மா ஒரு கோப்பை ஊற்றிக் கொடுத்தாள். வேலை நேரத்தில் வாங்கக் கூடாதாம். கையெழுத்தெல்லாம் முடிந்து, பாட்டிலைச் சீல் வைத்த பிறகு, காருக்குப் பின்னால் நின்று குடித்தாள்.

மார்ச் 21

பெருநாள். உம்மா வட்டலப்பம் செய்தாள். முதல் கிண்ணம் எனக்கு. யோசிக்காமல் தின்றேன்.

ஏப்ரல் 6

சோதனை முடிவு வந்துவிட்டது. தடைசெய்யப்பட்டது எதுவும் இல்லை. குந்தவை போனில் சொன்னதை உம்மாவிடம் சொன்னேன். "ஒண்ணுமே இல்லையாமா?" என்று இரண்டு தடவை கேட்டாள். மூன்றாவது வீட்டைத் தாண்டுவதற்குள் அது, "எம் மவ உடம்புல ஒரு நோயும் இல்லன்னு டெல்லியில எழுதிக் கொடுத்துட்டாங்க" என்று ஆகிவிட்டது.

மாத்திரையோடு ஐந்நூற்று நாற்பத்தொன்று. அது இல்லாமல் ஐந்நூற்று முப்பத்திரண்டு. தையல் மெஷினில் உட்கார்ந்து கழித்துப் பார்த்தேன். ஒன்பது. இத்தனை நாள் நான் பயந்தது வெறும் ஒன்பதுக்கு.

ஏப்ரல் 9

டாக்டரிடம் போனேன். மாதத்தில் இரண்டு மூன்று முறை தலைவலி வருகிறது, விரலில் எறும்பும் இருக்கிறது என்றேன்.

"போட்டிதான் முடிஞ்சிருச்சேம்மா. பழைய மாத்திரையே எழுதிடட்டுமா? ஒரு தலைவலியும் இருக்காது. சுடறத மட்டும் விட்டுட்டா போதும்."

உம்மாவும் கூட வந்திருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"அதெல்லாம் வேணாம் டாக்டர். அவ தலவலி, அவ பாத்துக்குவா."